ஏலம் முடிஞ்சா எத்தனை நாள்ல வீட்டை விட்டு இறங்கணும்?

3 ஆகஸ்ட் 2025, ராத்திரி 9.40

தொண்டியில இருந்து ஒரு தம்பி கேட்டது: "அக்கா, எங்க வீட்டை பேங்க்ல ஏலம் விடப் போறாங்களாம். ஏலம் முடிஞ்ச மறுநாளே சாமானைத் தூக்கி ரோட்டுல போட்ருவாங்கன்னு மாமா சொல்றாரு. அம்மா இப்பவே பாத்திரத்தை மூட்டை கட்டுறாங்க. நெசமா?"

நெசம் இல்ல தம்பி. முதல்ல அம்மாவை மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்க, அவுக ராத்திரிக்கு சோறு பொங்கணும்ல.

எங்க அப்பா வீடு தங்கச்சிமடத்துல, 2024 ஏப்ரல் 25ந்தேதி ஏலம் போச்சு, பாராளுமன்ற எலெக்சனுக்கு ஓட்டுப் போட்ட அடுத்த வாரம். நாங்க வீட்டை விட்டு இறங்குனது செப்டம்பர் 4. நாலு மாசத்துக்கு மேல. அந்த நாலு மாசமும் நாங்க யாரையும் அடிச்சுத் தொரத்தல, ஒளிஞ்சும் இருக்கல, சட்டப்படி எங்களை இறக்குறதுக்கு அவுகளுக்கு அவ்ளோ நாள் ஆச்சு, அவ்ளோதான்.

ஏலம்ங்கிறது வீடு யார் பேருக்குப் போகுதுன்றதுக்கு. நம்மளை இறக்குறதுக்கு வேற பேப்பர் வேணும். விவரமா நாளைக்கு எழுதுறேன், கடை அடைக்கிற நேரம்.

4 ஆகஸ்ட், மதியம்

நான் வக்கீல் இல்ல, பாம்பன்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஆனா ரெண்டு வருசமா இந்த சர்பாசி சட்டத்தோட (பேங்க் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து வித்துக் கடனை வசூலிக்கிற சட்டம்) பேப்பரை எங்க வீட்டுக்கும் ஊரார் வீட்டுக்கும் நகல் எடுத்து எடுத்து வரிசை மனப்பாடம் ஆயிருச்சு.

மூணு மாசம், அதாவது 90 நாள் தவணை நின்னா கணக்கு வாராக்கடன்னு ஆயிரும். அப்புறம் 13(2) நோட்டீஸ், மொத்தக் கடனையும் 60 நாளுக்குள்ள கட்டுன்னு. அந்த 60 நாள் தாண்டுனா கதவுல சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டை பேங்க் தன் வசம் எடுத்துக்கிச்சுன்னு ஒரு நோட்டீஸ், ஒட்டுவாக, 7 நாளுக்குள்ள ரெண்டு பேப்பர்ல போடுவாக, ஒண்ணு தமிழ்ப் பேப்பரா இருக்கணும். இது வெறும் காகிதச் சுவாதீனம் தம்பி. சிம்பாலிக் பொசஷன்னு சொல்லுவாக. வீட்டுக்குள்ள நீங்க இருக்கலாம், சமைக்கலாம், தூங்கலாம், யாரும் எழுப்ப முடியாது. அதுக்கப்புறம் 30 நாள் டைம் கொடுத்து ஏல அறிவிப்பு, அப்புறம்தான் ஏலம். ஏலம் எடுத்தவர் 25 சதவீதம் அன்னைக்கோ மறு வேலை நாளோ கட்டணும், மிச்சத்தை ஏலத்துலருந்து 15 நாள்ல கட்டணும். முழுசா கட்டுனாத்தான் விற்பனைச் சான்றிதழ்.

எங்க கதவுல ஒட்டுனது 2023 நவம்பர்ல. மைதாப் பசை போட்டு ஒட்டிட்டுப் போட்டோ எடுத்துட்டுப் போனாக. எங்க தெருவுக்கு வடகடல் காத்து நேரா அடிக்கும், உப்புக் காத்துக்கு பசை எங்க நிக்கும், நாலு நாள்ல ஒரு மூலை பிரிஞ்சு ஆட ஆரம்பிச்சிருச்சு. அம்மா என்ன பண்ணுனாக தெரியுமா, சோத்துக் கஞ்சியைத் தொட்டு அவுகளே திரும்ப ஒட்டுனாக. கிழிஞ்சா நாமதான் கிழிச்சோம்னு போலீஸ்ல சொல்லிருவாகளோன்னு பயம். தன் வீடு போறதுக்கான நோட்டீசைத் தன் கையாலயே ஒட்டுனாக எங்க அம்மா. அதை இன்னும் என்னால மறக்க முடியல.

4 ஆகஸ்ட், ராத்திரி

மேல எழுதுனதுல ஒரு திருத்தம். மிச்சப் பணத்துக்கு 15 நாள்ங்கிறது ஏல நாள்லருந்து இல்ல, பேங்க் விற்பனையை உறுதி பண்ணுன நாள்லருந்து. ரெண்டு தரப்பும் எழுதிக்கிட்டா மூணு மாசம் வரைக்கும் நீட்டலாம். எங்க வீட்டை எடுத்தவர் மே கடைசியிலதான் சான்றிதழ் வாங்குனாரு.

6 ஆகஸ்ட்

இன்னொருத்தர் ஒரு வீடியோ அனுப்பிருக்காக, "ஏலம் முடிஞ்சா 3 நாள்ல காலி பண்ணணும், இதான் சட்டம்"னு ஒருத்தர் அடிச்சுப் பேசுறாரு. முழுசாப் பாத்தேன். அது அமெரிக்காவுல கலிபோர்னியா மாநிலத்துச் சட்டம். அங்க ஏலம் முடிஞ்சு பத்திரம் பதிஞ்சதும் பழைய வீட்டுக்காரருக்கு 3 நாள் நோட்டீஸ் கொடுப்பாக, அதுக்கும் அவர் இறங்கலைன்னா புதுசா எடுத்தவர் கோர்ட்ல கேஸ் போட்டுத்தான் இறக்கணும். அங்கயே 3 நாள்ல கழுத்தைப் பிடிச்சுத் தள்ள முடியாது. வாடகைக்கு இருக்கவங்களுக்கு அந்த ஊர் மத்திய சட்டம் 90 நாள் கொடுக்குது. நம்ம ராமநாதபுரத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. தொண்டி மாமா இந்த வீடியோவைத்தான் பாத்திருப்பாருன்னு நெனக்கிறேன். தயவு செஞ்சு இதைப் பரப்பாதீக, ஒரு குடும்பம் ராத்திரியோட ராத்திரியா பயந்து வெளிய போயிரும்.

7 ஆகஸ்ட், காலையில

அப்ப யாரு, எப்ப இறக்குவா? இதுதான் கேள்வி.

ஏலம் எடுத்தவருக்கு நம்மளை இறக்குற அதிகாரம் இல்ல. ஆளைக் கூட்டிட்டு வந்து பூட்டை உடைக்க முடியாது. பேங்க் ஏஜெண்டும் முடியாது. 14வது பிரிவுல பேங்க் மனு போடணும், கலெக்டர்கிட்டயோ தலைமை குற்றவியல் நடுவர் கோர்ட்லயோ. 30 நாளுக்குள்ள ஆர்டர் போடணும், காரணம் எழுதி மொத்தம் 60 நாள் வரைக்கும் போகலாம்னு சட்டத்துல இருக்கு. ஆனா அந்தக் கெடு தாண்டிட்டா ஆர்டர் செல்லாதுன்னு நெனக்காதீக, 2020ல சுப்ரீம் கோர்ட் அது கட்டாயக் கெடு இல்லன்னு சொல்லிருச்சு. ஆர்டர் வந்ததும் வருவாய்த்துறை ஆளோ, கோர்ட் நியமிச்ச வக்கீல் கமிஷனரோ போலீசோட வருவாக. அந்த நாள்தான் இறங்குற நாள். நாங்க கதவு நாள்னு சொல்லுவோம்.

இந்த மனுவை ஏலத்துக்கு முன்னாடியும் போடலாம், பின்னாடியும் போடலாம். முன்னாடியே போட்டு சுவாதீனம் எடுத்துட்டு ஏலம் விட்டா, ஏலத்தன்னைக்கு நீங்க வீட்லயே இருக்க மாட்டீக. அதுனால "ஏலத்துக்கு அப்புறம் எத்தனை நாள்"னு எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எங்களுக்கு 132 நாள். உச்சிப்புளி பக்கம் ஒரு அத்தை குடும்பத்தை ஏலத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இறக்கிட்டாக.

ஏல அறிவிப்புல சுவாதீனம் எந்த வகைன்னு, வெறும் காகிதச் சுவாதீனமா இல்ல வீட்டையே கையில எடுத்துட்டாகளான்னு போட்ருப்பாக, அந்த ஒரு வரியைத் தேடிப் படிங்க.

7 ஆகஸ்ட், சாயந்தரம்

கீழக்கரை லாத்தா ஒருத்தவுக கேட்டது: வாடகைக்கு இருக்கோம், வீட்டுக்காரர் வாங்குன கடனுக்கு ஏலம், நாங்களும் இறங்கணுமா?

லாத்தா, உங்க வாடகை ஒப்பந்தம் அடமானத்துக்கு முன்னாடியா பின்னாடியா, பதிஞ்சதா இல்லையா, இந்த ரெண்டையும் வச்சுத்தான் முடிவாகும். முன்னாடியே பதிஞ்சிருந்தா மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்துல கேக்கலாம், 2016க்கு அப்புறம் வாடகைதாரரும் அங்க போறதுக்கு 17வது பிரிவுல வழி இருக்கு. வாய்ச்சொல் வாடகைன்னா ரொம்பக் கஷ்டம். அட்வான்ஸ் கொடுத்ததுக்கு ரசீது இருந்தா பத்திரமா வைங்க.

9 ஆகஸ்ட்

இதைத்தான் முதல்லயே எழுதிருக்கணும், எழுத மனசு வரல.

இறங்குற நாளை விட முக்கியமான நாள் ஒண்ணு இருக்கு. அதை நாங்க தவற விட்டோம்.

அண்ணன் பங்கு வச்சிருந்த போட்டை 2022ல இலங்கைக் கடற்படை பிடிச்சது. ஆளுக திரும்பி வந்தாக, போட்டு வரல. வீட்டுக் கடன் 2017ல வாங்குன 16 லட்சம், மாசத் தவணை 16 ஆயிரத்துச் சொச்சம், அஞ்சு வருசம் ஒரு மாசம் கூட நிக்காம கட்டுனது, அங்கருந்து தடுமாறிருச்சு. 2023 ஜூலைல வந்த 13(2) நோட்டீசை அப்பா வாங்கி, மீன்பிடி டோக்கன் வைக்கிற தகரப் பெட்டிக்குள்ள வச்சுட்டாக. எங்ககிட்ட சொல்லவே இல்ல. மகளுக்கு எதுக்குக் கவலைன்னு. நானே ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், தெனம் பத்து பேருக்கு மனு டைப் அடிச்சுக் கொடுக்கேன், எங்க வீட்டு நோட்டீசை நான் பாக்கல.

2024 மார்ச் 20ந்தேதி ஏல அறிவிப்பு பேப்பர்ல வந்துச்சு, ஏலம் ஏப்ரல் 25னு. அப்பா அந்த 25ஐக் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சாக. அதுக்குள்ள கட்டிட்டா வீடு நமக்குன்னு. அம்மாவோட நகை, அம்மா பொறந்த வீட்டுத் தோப்புல அவுக பங்கு, எல்லாத்தையும் வித்து 9 லட்சம் சேந்துச்சு. ஏப்ரல் 16, மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்ச மறுநாள், அப்பாவும் நானும் மஞ்சப் பையில பணத்தோட பேங்க்குக்குப் போனோம். இதை வாங்கிக்கங்க, மிச்சம் ஜூன் 14 தடை முடிஞ்சு கடலுக்குப் போனதும்னு அப்பா சொன்னாக. மேனேஜர் கோவப்படல, உக்காரச் சொல்லி தண்ணி கொடுத்தாரு, அப்புறம் சொன்னாரு: "அய்யா, பேப்பர்ல அறிவிப்பு வந்த அன்னைக்கே உங்க மீட்புரிமை முடிஞ்சிருச்சு. பிப்ரவரியில வந்திருந்தீகன்னா பழைய பாக்கியைக் கட்டச் சொல்லி நானே எழுதிப் போட்ருப்பேன்."

அவர் சொன்னது பொய் இல்ல. 13(8)வது பிரிவை 2016ல மாத்துனாக. முன்னாடி விற்பனைக்கு குறிச்ச நாள் வரைக்கும் கட்டி மீட்கலாம், இப்ப ஏல அறிவிப்பு வெளியாகுறதுக்கு முன்னாடி கட்டணும். 2023 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிருச்சு. பிப்ரவரியில எங்க பழைய பாக்கி ரெண்டரை லட்சத்துக்குள்ளதான். கையில 9 லட்சத்தை வச்சுக்கிட்டு, வட்டம் போட்ட தேதிக்கு ஒம்பது நாள் முன்னாடி போயி, வீட்டை விட்டுட்டு வந்தோம்.

பஸ்சுல திரும்பி வரும்போது அப்பா பையை நெஞ்சோட அணைச்சே வச்சிருந்தாக. பாம்பன் பாலம் ஏறுறப்ப ரெண்டு பக்கமும் கடலைப் பாக்குறவுக, அன்னைக்குப் பாக்கல.

10 ஆகஸ்ட்

நெறைய பேரு தனித்தனியா கேட்டுட்டீக, சிவில் கோர்ட்ல ஸ்டே வாங்க முடியாதான்னு. 34வது பிரிவு சிவில் கோர்ட்டைத் தடுக்குது. முன்சீப் கோர்ட்ல வாங்கித் தர்றேன்னு யாராச்சும் பீஸ் கேட்டா கொடுக்காதீக. போக வேண்டிய இடம் மதுரையில கடன் மீட்புத் தீர்ப்பாயம். நாங்க போனப்ப பாம்பன் பாலத்துல ரயில் ஓடல, மண்டபம் வரைக்கும் பஸ்சுல போயி ரயில் ஏறணும், வயசானவுகளைக் கூட்டிட்டு அது ஒரு பாடு. புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல தொறந்ததுலருந்து அது பரவால்ல.

கேஸ் போட 45 நாள். கேஸ் போட்டாலே ஸ்டே கெடைச்ச மாதிரி இல்ல, எங்களுக்குக் கெடைக்கல.

பெண்கள் பேர்ல கடனோ வீடோ இருந்தா வருமானம் எவ்வளவுன்னு பாக்காமயே இலவச சட்ட உதவி உண்டு, ராமநாதபுரத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. வெக்கப்படாமப் போங்க.

11 ஆகஸ்ட்

அந்த 45 நாளைப் பத்தி ஒருத்தர் சரியாக் கேட்டிருக்காரு, எதுலருந்து 45னு. நான் எழுதுனது அரைகுறை. பேங்க் எடுத்த நடவடிக்கை எதுவோ, அந்த நாள்லருந்து. கதவுல சுவாதீன அறிவிப்பு ஒட்டுனது ஒரு நடவடிக்கை, அதை எதுக்கணும்னா அன்னைலருந்து எண்ணணும். எங்களுக்கு நவம்பர்ல ஒட்டுனது, ஜனவரியிலயே முடிஞ்சிருச்சு. நாங்க வக்கீல்கிட்ட உக்காந்தது மே மாசம். அவர் காலண்டரைப் பாத்துட்டு கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சாரு, அப்பவே தெரிஞ்சு போச்சு.

13 ஆகஸ்ட், ராத்திரி வெகுநேரம்

மண்டபத்து அண்ணன் ஒருத்தர் எழுதிருக்காரு: "132 நாள் இருந்தீகளே, நல்லதுதானே, வாடகை இல்லாம."

முன்னாடி நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், பெருமையாக் கூட. இப்ப அப்படித் தோணல அண்ணே. அந்த 132 நாள்ல அம்மா ஒரு ராத்திரி கூட முழுசாத் தூங்கல. தெருவுல பைக் சத்தம் கேட்டா எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போவாக. என் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தா பூட்டு தொங்குதான்னு முக்குலருந்தே எட்டிப் பாத்துட்டு வருவான்.

ஜூன்ல ஏலம் எடுத்தவர் வந்தாரு, பரமக்குடிக்காரர், அதட்டல. திண்ணையில உக்காந்து, நீங்களா ஒரு தேதி சொல்லுங்க, வண்டி வாடகை, புது வீட்டு அட்வான்ஸ் எல்லாத்துக்கும் சேத்து 40 ஆயிரம் தர்றேன்னு சொன்னாரு. அப்பா எந்திரிச்சு உள்ள போயிட்டாக. அண்ணன் சத்தம் போட்டு அனுப்பிட்டான். நானும் அண்ணன் பக்கம்தான் நின்னேன். அவரும் பணத்தைப் பூராக் கட்டிட்டு வீட்டுக்குள்ள வர முடியாம நிக்கிறவர்தான்னு அன்னைக்கு எனக்குத் தோணல. இப்ப தோணுது, பேங்க் முன்னாடி எழுதி வாங்கிட்டு, ஆடி கழிஞ்சு ஒரு தேதி சொல்லிருக்கலாம். பகல்ல, நம்ம கையால, நம்ம ஆளுகளோட சாமானை ஏத்திருக்கலாம். ஆனா அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்குக் கடக்கால் தோண்டுனதுலருந்து கூட நின்ன மனுசன், வெலை பேச வந்தவரு முன்னாடி எப்படி உக்காருவாக.

14 ஆகஸ்ட்

கதவு நாள் எப்படி இருக்கும்னு தொண்டி தம்பி கேட்டாரு. சொல்றேன், தெரிஞ்சு வச்சுக்கிட்டா பயம் கொறையும்.

காலைல பத்தரைக்கு வந்தாக. வக்கீல் கமிஷனர் சின்னப் பையன், முப்பது வயசு கூட இருக்காது. பேங்க் ஆபீசர், ரெண்டு பொம்பள போலீஸ், ஒரு எஸ்ஐ, பூட்டுக்காரர். கமிஷனர் ஆர்டரைப் படிச்சுக் காட்டுனாரு. அடமானத்துல இருக்கது வீடுதான், உள்ள இருக்க சாமான் நம்மளோடது, அதை நாம எடுத்துக்கலாம். எடுக்காம விட்டதை அவுக பட்டியல் போட்டு கையெழுத்து வாங்குவாக. அந்தப் பட்டியல்ல ஒரு நகல் கேட்டு வாங்கிருங்க.

அந்தப் பையன் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே வந்தாரு, பீரோ ஒண்ணு, பிளாஸ்டிக் சேர் நாலு, தையல் மிஷின் ஒண்ணு, வலை ஒரு மூட்டை. அம்மா அதுவரைக்கும் வாயே தொறக்கல. "தம்பி, அது வெறும் வலை இல்ல, நண்டு வலை. நண்டு வலைன்னே எழுதுப்பா"ன்னாக. அவர் அடிச்சுட்டு நண்டு வலைன்னு எழுதுனாரு. அப்பா பக்க ரூம்ல கொக்கியில மாட்டியிருந்த வழிவலையைச் சிக்கில்லாம எறக்கிச் சுருட்ட முக்கால் மணி நேரம் ஆச்சு, எஸ்ஐ வெளிய வேப்ப மரத்தடியிலயே நின்னாரு, அவசரப்படுத்தல. அந்த முக்கால் மணி நேரத்துக்கு அவருக்கு நான் இன்னைக்கும் நன்றி சொல்லுவேன்.

எங்க வீட்டுக் கெணறு நல்ல தண்ணி. தங்கச்சிமடத்துத் தண்ணி எப்படின்னு தீவுல எல்லாருக்கும் தெரியும். தெருவுல ஏழெட்டு வீடு அங்கதான் எடுக்கும். அன்னைக்கு சாயந்தரம் வழக்கம் போல கொடத்தோட வந்த பொம்பளைக கேட்ல புதுப் பூட்டைப் பாத்துட்டு நின்னாக. எங்களைப் பாத்து ஒண்ணும் கேக்கல. ஒவ்வொருத்தரா வெறுங்கொடத்தோட திரும்பிப் போனாக.

17 ஆகஸ்ட்

துண்டு துண்டா சில பதில்.

ஏலத்தொகையில கடன், வட்டி, செலவு போக மிச்சம் இருந்தா அது நம்ம பணம், 13(7)ல இருக்கு. எங்க வீடு 21 லட்சத்து 25 ஆயிரத்துக்குப் போச்சு, பேங்க் பாக்கி எல்லாம் சேத்து 15 லட்சத்து 80 ஆயிரம். மிச்சம் 5 லட்சத்து 45 ஆயிரம். யாரும் கூப்பிட்டுக் கொடுக்கல, அப்பாவுக்குக் கேக்கவும் தோணல. நான் எழுதிக் கேட்டு, கணக்கு ஸ்டேட்மெண்ட் வாங்கி, அஞ்சு மாசம் அலைஞ்சு வாங்குனது. ஏலம் போன வீடுன்னா எல்லாம் போச்சுன்னு விட்றாதீக.

தென்னந்தோப்பு, வயல் அடமானம் வச்சவுக: விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது, 31வது பிரிவு. ஆனா நெசமாவே விவசாயம் நடக்கணும்.

ஏர்வாடி தம்பி, வட்டிக்குக் கொடுத்தவர் பூட்டு போடுவேன்னு மிரட்டுனா அது சர்பாசியும் இல்ல ஒண்ணும் இல்ல, அவருக்கு அந்த அதிகாரமே கெடையாது. 2003லயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு, ஸ்டேஷனுக்குப் போங்க. கூட்டுறவு பேங்க்குக்கு இந்தச் சட்டம் செல்லும், 2020ல தீர்ப்பு ஆயிருச்சு.

வசூல் ஆளுக காலைல 8க்கு முன்னாடியும் ராத்திரி 7க்கு அப்புறமும் போன் பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கு. பண்ணுனா நேரத்தோட குறிச்சு வைங்க.

22 ஆகஸ்ட்

தொண்டி தம்பி அவுக வீட்டுப் பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பிருக்காரு. ரெண்டு தடவை படிச்சேன், கண்ணாடி போட்டு மூணாவது தடவையும் படிச்சேன்.

தம்பி, இது ஏல அறிவிப்பு இல்ல! இது சுவாதீன அறிவிப்பு. ஆகஸ்ட் 1ந்தேதி போட்டது. ஏலத் தேதி எங்கயும் இல்ல, குறைஞ்சபட்ச விலை இல்ல. அப்ப உங்களுக்கு மீட்புரிமை இன்னும் இருக்கு. ஆகஸ்ட் 1லருந்து 45 நாள்னா செப்டம்பர் 15. மதுரை வக்கீலை அதுக்கு முன்னாடி பாருங்க, கடைசி வாரம் வரைக்கும் வைக்காதீக.

கையில இருக்கது ஒன்றரை லட்சம்தான்னு சொல்றீக, அதையே கொண்டு போங்க. மிச்சம் எப்ப எப்பக் கட்டுவீகன்னு தேதி போட்டு ஒரு கடிதம் எழுதுங்க, நான் டைப் அடிச்சு நாளைக்கு அனுப்புறேன், உங்க அம்மாவும் கையெழுத்துப் போடணும், கடன் அவுக பேர்லயும் இருக்கு. மாமாவைக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க, பேசுறது நீங்க பேசுங்க. ரெண்டு நகல் எடுத்துக்கங்க. ஒண்ணைக் கொடுத்துட்டு இன்னொண்ணுல தேதியோட சீல் வாங்கணும். நாளைக்கு வாங்கன்னு சொன்னா பெஞ்சுல உக்காந்துருங்க. திங்கக்கெழமை பேங்க் பத்து மணிக்குத் தொறக்கும், நீங்க ஒம்பதே முக்காலுக்கு வாசல்ல நில்லுங்க, சீல் வாங்குனதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.